சாமாவிடம் சொல்லாதது

முதலில் அதைக் கருவாட்டு வாடை என்றுதான் நினைத்தேன்.

கோவளத்தில் கடலுக்கு இறங்கும் மணல் சரிவின் தலைப்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். சாமா வண்டியின் சீட்டின்மேல் ஒரு துண்டை விரித்து, அதில் மூன்று லென்ஸுகளை வரிசையாக வைத்திருந்தான். பறக்கும் மணல் கண்ணாடியில் விழாமல் இருக்க வண்டியை ஒட்டி நின்று, தன் உடம்பையே மறைப்பாக்கிக்கொண்டு, அவற்றில் ஒன்றைக் காமிராவில் திருகிக்கொண்டிருந்தான்.

மரை பிடிக்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றுவான், கோணலாகப் போகும், எடுத்துவிடுவான். மறுபடியும் வைப்பான்.

"இழை தேஞ்சுபோச்சோ என்னமோ. விரலுக்குப் பிடிபடவே மாட்டேங்கறது, கேட்டியா கிட்டு."

"இங்க கொண்டா" என்று வாங்கி நான் திருகினேன். சொன்னபடி கேட்டுப் போய் உட்கார்ந்துகொண்டது. "இழையெல்லாம் நன்னாத்தான் இருக்கு. உனக்குத்தான் பொறுமை இல்லை."

"இருக்கும்" என்று சிரித்தான்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. கீழே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எதையாவது சுடுகிறார்களோ என்று பார்த்தேன். அங்கே அடுப்பு எதுவும் இல்லை. ரப்பர் கருகுகிறதோ என்று வண்டியைக் குனிந்து பார்த்தேன்.

சாமா காக்கி அரை நிஜார் போட்டிருந்தான். அவனுடைய வலது கெண்டைக்கால் வண்டியின் புகைக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கோட்டையிலிருந்து நிற்காமல் ஓடி வந்த வண்டியின் குழாய். காலுக்கும் குழாய்க்கும் நடுவிலிருந்து நூல்போல் புகை வந்துகொண்டிருந்தது. அவனோ அடுத்த லென்ஸை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணாடியில் தூசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தோளைப் பிடித்து இழுத்தேன். கால் வந்தது. தோல் கொஞ்சம் குழாயிலேயே தங்கிவிட்டது.

"என்னடா?" என்றான். பிறகு காலைப் பார்த்தான். "அட, பொள்ளிடுத்தே. எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

தாளில் அடித்த பெயர்

இந்தத் தொடரைத் தொடங்கும்போது எதை எழுதுவது, எதை விடுவது என்று ஒரு தாளில் குறித்து வைத்தேன். சாமாவின் பெயரை எழுதிவிட்டு உடனே அடித்தேன்.

சென்ற சில வாரங்களாக வலியசாலைத் தெருவையும், சாலைக் கடைவீதியையும், பத்மநாபசுவாமி கோயில் உற்சவத்தையும் பற்றி நான் எழுதியதைப் படித்தவர்கள் கடிதம் எழுதுகிறார்கள். எவ்வளவு இனிமையான இளமை உங்களுடையது என்கிறார்கள். அவற்றைப் படிக்கப் படிக்க, கோர்ட்டில் ஏறிப் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டு வந்தவனைப் போல் இருக்கிறது எனக்கு.

என் தகப்பனார் போய்ப் பல வருஷமாயிற்று. தங்கை கோமதியும் போன ஆவணியில் போய்விட்டாள். இதில் சம்பந்தப்பட்டவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம் என்று நினைக்கிறேன். ஆகவே எழுதுகிறேன்.

சாமா என்கிற சாமிநாதனுக்கும் எனக்கும் ஒரே வயது. எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அவனுக்குத் தகப்பனார் இல்லை, தாயார் மட்டும். எங்கள் வீட்டில் அதற்கு நேர்மாறு.

என் தாயார் போனது வைசூரியில். எனக்கும் அப்போது பத்துப் பன்னிரண்டு வயதில் அதே வைசூரி கண்டிருந்தது. கோமதியைப் பாட்டனார் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தெருவில் ஒருவரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கோயில் பிரசாதம் கொண்டுவருகிறவன்கூட எதிர் வாடையில் நடந்தான். சாமா மட்டும் தினமும் கொல்லைப்புறச் சுவரேறிக் குதித்து, நான் படுத்திருந்த அறை ஜன்னலில் வந்து உட்காருவான். பள்ளிக்கூடத்தில் நடந்தது, யார் யாரை அடித்தார்கள், எந்த வாத்தியார் வரவில்லை, எல்லாம் சொல்வான். ஒரு நாள் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இன்னிக்குச் சூடு கம்மி" என்றான்.

அவனுடைய தாயாருக்குத் தெரிந்து அடி பின்னி எடுத்தாள். மறுநாளும் வந்தான்.

துரை கொடுத்த பெட்டி

படித்து முடித்தபின் அவன் மராமத்து இலாகாவில் படம் வரைகிற டிராப்ட்ஸ்மன் ஆனான். நான் வைத்திய இலாகா ஆபீஸில் குமாஸ்தாவானேன்.

சாமாவுக்கு யந்திரம் என்றால் உயிர். மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிளை எப்படியோ வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றிப் பூட்டி ஓட வைத்தான். வலியசாலையில் அதைக் கிளப்பினால் கோயில் மணி அடிப்பது காதில் விழாது. ஸ்ரீபாத தீர்த்தம் கொண்டுபோகிறவர்கள் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். "இந்தச் சனியன் தெருவுக்குள்ள வேணுமாடா?" என்று பெரியவர்கள் கேட்டால், "தெரு முனை வரைக்கும் தள்ளிண்டு போயிடறேன் மாமா" என்பான். இரண்டு நாள் தள்ளிக்கொண்டும் போவான்.

காமிரா வந்தது அதற்குப் பிறகு. உள்ளங்கையில் அடங்குகிற ஜெர்மன் காமிரா. அவனுடைய இலாகாவில் இருந்த எஞ்சினீயர் துரையுடையது. துரை உத்தியோகம் முடிந்து சீமைக்குக் கிளம்பும்போது காமிராவை சாமாவுக்கே கொடுத்துவிட்டார். கூடவே ஒரு தோல் பெட்டி. அதில் மூன்று லென்ஸுகள்.

"மூணுல ஒண்ணு எனக்கு. கல்யாணப் பரிசாம். எது வேணும்னு பாத்து எடுத்துண்டு மத்த ரெண்டையும் அடுத்த சனிக்கிழமைக்குள்ள திருப்பிக் குடுன்னார்" என்று சாமா வந்து சொன்னான். "கடைத்தெருவுல நின்னு பாத்தாத் தெரியாது, கிட்டு. ஒரே இடத்துல ஆகாசம், ஜலம், பாறை, மனுஷா எல்லாம் வேணும். கோவளம் போயிட்டு வருவோம்."

கல்யாணம் கோமதியோடுதான். ஐப்பசியில் நிச்சயதார்த்தம் நடந்து, தை மாதத்தில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். அவர்கள் இருவரும் சின்ன வயதில் ஒன்றாக விளையாடியவர்கள். நிச்சயமான பிறகு ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். எதையும் என் வழியாகத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கோமதி எலுமிச்சம்பழ சாதமும் தயிர்சாதமும் கட்டி ஒரு தூக்கில் வைத்துக் கொடுத்தாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மெதுவா ஓட்டச் சொல்லு, அண்ணா" என்றாள். சாமா வாசலில்தான் நின்றிருந்தான்.

"மெதுவாத்தான் ஓட்டுவேன்னு சொல்லு" என்றான் என்னிடம்.

மணக்காடு தாண்டி, அம்பலத்தறை தாண்டி, திருவல்லத்தில் ஆற்றைக் கடக்கும் வரை மெதுவாகத்தான் ஓட்டினான். பிறகு தென்னந்தோப்புகளுக்கு நடுவே செம்மண் பாதையில் வண்டி பறந்தது. நான் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கத்திச் சிரித்தபடி போனேன். என் வாழ்க்கையில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். சொல்லாமல் விடுகிறேன்.

நகல் எடுத்த வரிகள்

கீழே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீன்காரர் எங்களைப் பார்த்துவிட்டு ஏறி வந்தார்.

"பொள்ளிப்போயல்லோ, சாறே" என்றார் சாமாவின் காலைப் பார்த்து. "வெளிச்செண்ணெ புரட்டணும்."

ஒரு சிரட்டையில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து அவரே தடவினார். தோல் உரிந்து சிவப்பாகத் தெரிந்த இடம் அது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சாமா அவரிடம் கடல் ஏற்றம் எப்போது, வள்ளம் எப்போது கரைக்கு வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"வேதனயில்லே, சாறே?"

"இல்லா. சாரமில்லா" என்றான் சாமா, அதொன்றும் பெரிதில்லை என்பதுபோல்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். சிரட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

எண்ணெய் பட்ட இடத்தைச் சுற்றி, தோல் மற்ற இடத்தைவிட வெளுத்துச் செம்பு நிறமாக இருந்தது. உள்ளங்கை அகலம். ஓரம் சற்றுத் தடித்திருந்தது. அந்தத் தேமலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கரமனை ஆற்றில் குளிக்கும்போது, "வேர்வைத் தேமலாக்கும். மஞ்சள் தேய்ச்சாப் போயிடும்" என்று சொல்லியிருக்கிறான். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

ஆபீஸில் என் வேலை நகல் எடுப்பது. டாக்டர்கள் அனுப்புகிற அறிக்கைகளை இங்கிலீஷில் அச்சுப்போல் எழுதித் தரவேண்டும். எதை எழுதுகிறோம் என்று மனதில் ஏறாது. கைதான் எழுதும். ஆனால் சில வரிகள் திரும்பத் திரும்ப வந்து மனப்பாடமாகிவிடும். செம்பு நிறத் தேமல். ஓரம் தடித்திருக்கும். அந்த இடத்தில் சூடு, குளிர், வலி தெரியாது. நாளடைவில் விரல்களில் உணர்வு மங்கும். சிறிய பொருள்களைப் பிடிப்பதில் தடுமாற்றம் ஏற்படும்.

பெருநோய், அதாவது குஷ்டம், பற்றிய அறிக்கை அது. அந்த வரிகளை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். கோவளத்து மணலில் நின்றபோது அவை என் கையெழுத்திலேயே என் கண்முன் வந்தன.

தாழை முள்

"வா, வெயில் கொளுத்தறதுக்குள்ள பாறைக்குப் போயிடலாம்" என்று சாமா நடந்தான். நொண்டவில்லை.

முதல் லென்ஸ் அகலமானது. கடல், கரை, தென்னைகள், என் பாதி உடம்பு எல்லாம் ஒன்றாக விழுந்ததாம். "எல்லாம் இருக்கு, எதுவும் கிட்டக்க இல்லை" என்றான். இரண்டாவதில் என்னை நிற்க வைத்து எடுத்தான். "சிரியேண்டா. செத்தவன் மாதிரி நிக்கறே" என்றான். ஒவ்வொரு தடவையும் லென்ஸை மாற்ற என்னிடம் நீட்டினான். நான் திருகிக் கொடுத்தேன்.

மூன்றாவது, நீளமான லென்ஸ். தூரத்தில் இருப்பதை அருகே இழுத்துக்காட்டும். விழிஞ்ஞம் பக்கமிருந்து ஒரு கட்டுமரம் வந்துகொண்டிருந்தது. அது அலைமேல் ஏறும் கணத்தில் எடுக்கவேண்டும் என்று, சாமா பாறைமேல் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றிக் காமிராவைக் கண்ணில் வைத்துக் காத்திருந்தான். "பேசாதே, கிட்டு. மூச்சு விட்டா ஆடறது."

அவனுடைய கால்கள் என் பக்கம் நீட்டியிருந்தன.

பாறைக்குப் பின்னால் தாழைப் புதர் இருந்தது. ஒரு மடலின் ஓரத்திலிருந்து முள்ளை ஒடித்தேன். ஏன் செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன். புண்ணிலிருந்து ஒரு விரல் தள்ளி, தேமலின்மேல் முள்ளை வைத்து அழுத்தினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். ரத்தம் ஒரு பொட்டாக வந்து நின்றது. அவன் கட்டுமரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு முள்ளைக் கணுக்காலுக்குக் கீழே, நல்ல தோலில், லேசாகத்தான் தொட்டேன்.

"ஸ்... என்னடா அது, நண்டா?" என்று காலை உதறினான். "போச்சு. அலை போயிடுத்து. பேசாம உக்காரச் சொன்னேனோல்லியோ?"

"எறும்பு" என்றேன்.

முள்ளைக் கடலில் எறிந்தேன். காற்று அதைத் திருப்பிப் பாறையிலேயே போட்டது. அங்கேயே சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஒருவரும் இல்லை. நானும் அவனும்தான். "சாமா, இதை ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்" என்று ஒரு வாக்கியம். அது நாக்கு வரைக்கும் வந்தது. அவன் அடுத்த அலைக்காகக் காமிராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, தனக்குத் தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தான். அந்தப் பாட்டை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

தைரியம் மட்டும் இல்லை காரணம். கோமதி கட்டிக் கொடுத்த சாதத்தை அவன் தன் கையால் பிசைந்து, பாதியை என் இலையில் வைத்தான். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

"நீ தின்னாட்டா நான் தின்னுடுவேன்" என்று இரண்டு பங்கையும் அவனே சாப்பிட்டான்.

திரும்பி வந்த வழி

திரும்பும்போது நான் அவன் இடுப்பைப் பிடிக்கவில்லை. சீட்டுக்குப் பின்னாலிருந்த இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்தேன். பள்ளத்தில் வண்டி எகிறியபோது விழப்பார்த்தேன்.

"என்னைப் பிடிச்சுக்கோடா, விழுந்து வைக்காதே" என்றான்.

"சரி" என்றேன். பிடிக்கவில்லை.

வேர்வையில் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலையில் அதில்தான் முகம் வைத்திருந்தேன். வீட்டுக்குப் போனதும் கிணற்றடியில் நின்று முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அப்போது எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. பயமும். இரக்கம் வர ரொம்ப நாள் ஆயிற்று.

வெள்ளி டம்ளர்

நாலாம் நாள் சாமா படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். காலில் துணிக்கட்டு. அப்பாவிடம் ஒவ்வொரு படமாகக் காட்டினான்.

"நடு லென்ஸையே வெச்சுக்கலாம்னு இருக்கேன், மாமா. மனுஷாளுக்கு இதுதான் சரி."

கோமதி உள்ளேயிருந்து காபி அனுப்பினாள். வருங்கால மாப்பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளி டம்ளரில். அவன் குடித்துவிட்டு வைத்தான். சூடான டம்ளரை உள்ளங்கையில் அடக்கிப் பிடித்துக்கொண்டு அவன் ஊதிக்கூடக் குடிக்கவில்லை.

அவன் போனதும் நான் டம்ளரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கழுவி, மறுபடியும் தேய்த்தேன். கோமதி வந்து, "என்ன அண்ணா இது, நான் தேய்க்க மாட்டேனா?" என்று கை நீட்டினாள்.

"தொடாதே" என்று அதட்டினேன்.

அந்தக் குரலைக் கேட்டு அப்பா கொல்லைக்கு வந்தார். கோமதியை உள்ளே போகச் சொன்னார்.

"டம்ளரை எதுக்கு இத்தனை தரம் தேய்க்கறே?"

நான் இன்னும் ஒரு பிடி சாம்பலை அள்ளினேன்.

"கோவளத்துக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து நீ சரியா இல்லை. எங்கிட்ட மறைக்காதே."

சொன்னேன். குழாய், தேமல், முள், விரல் எல்லாம் சொன்னேன். அப்பா கிணற்றுக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"டாக்டர் பாத்தாத்தான் நிச்சயம், அப்பா. ஆரம்பமா இருந்தா நீரடிமுத்து எண்ணெய் ஊசி போடறா. சீக்கிரம் போட்டா நிறுத்தலாம்னு ரிப்போர்ட்ல இருக்கு. நாளைக்கே நான் அவன்கிட்ட சொல்லி—"

"சொல்லப்படாது."

நான் அவரைப் பார்த்தேன்.

"அவன் டாக்டர்கிட்ட போனா நாலு பேருக்குத் தெரியும். அவனுக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு இவதான்னு ஊருக்கே தெரியும். அப்புறம் இவளை யார் கேட்டு வருவா? இந்த ஆத்து வாசல்ல யார் கால் வைப்பா?" அவர் குரல் உயரவே இல்லை. "இவ கழுத்துல ஒரு தாலி ஏறட்டும். அதுக்கப்புறம் சொல்லிக்கோ. அதுவரைக்கும் மூச்சு விடப்படாது. அவன்கிட்டயும்தான்."

என் தகப்பனார் கெட்டவர் இல்லை. சாமாவைத் தன் பிள்ளைபோல் வைத்திருந்தவர். அன்று கொல்லையிலிருந்து எழுந்து வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஜாதகம்

பொருத்தத்தில் தோஷம் இருப்பதாக வேறொரு ஜோசியர் கண்டுபிடித்துவிட்டார் என்று சாமாவின் தாயாருக்குச் சொல்லி அனுப்பினோம்.

"நிச்சயம் பண்றதுக்கு முன்னாடி அந்த ஜாதகம் எங்க போயிருந்தது?" என்று கோமதி என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. "அவருக்கு என்னைப் பிடிக்கலையா? அதையாவது சொல்லு" என்றாள். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காததையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். கடைசி வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

சாமா என்னைத் தெரு முனையில் நிறுத்தினான்.

"உங்கப்பாகிட்ட நான் கேக்கலை. உங்கிட்ட கேக்கறேன். நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

"தப்பொண்ணும் இல்லை. ஜாதகமாக்கும்."

"நீ ஜாதகம் நம்பறவனா, கிட்டு?"

"அப்பா நம்பறார்."

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "மதி, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதன்பிறகு அவன் தெருவில் எதிரே வந்தால் நான் கோயில் பக்கமாகச் சுற்றிப் போனேன். கோமதிக்குப் பாலக்காட்டில் இடம் அமைந்து கல்யாணம் முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வருஷத்துக்கு அப்பாவைக் காரணம் சொல்லலாம். அதற்குப் பிறகு நடந்ததற்கு யாரையும் சொல்ல முடியாது.

கோமதி புருஷன் வீட்டுக்குப் போய்ச் சில வாரங்கள் இருக்கும். கிழக்கேகோட்டையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது சாமா எதிரே வந்துவிட்டான். ஒதுங்க வழியில்லை. கோபத்தையெல்லாம் விட்டுவிட்டவன்போல் அவனே பேசினான். கோமதி சௌக்கியமா என்று கேட்டான். பிறகு வலது கையை என் முன் நீட்டினான். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் உள்பக்கமாக மடங்கியிருந்தன.

"நிமிர மாட்டேங்கறது, பாரு. பேனா நிக்க மாட்டேங்கறது. ஆபீஸ்ல கோடு கோணலாப் போறதுன்னு சொல்றா. உங்க ஆபீஸ்ல இத்தனை டாக்டர் வராளே, உனக்கு ஏதாவது தெரியுமா, இது என்னன்னு?"

அப்போது தாலி ஏறியாயிற்று. சொல்லிக்கொள் என்று அப்பா விட்ட தவணையும் வந்தாயிற்று. சாமா கேட்கிறான். பதில் என்னிடம் இருக்கிறது.

சொன்னால், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான்.

"வாயுவா இருக்கும்" என்றேன். "எண்ணெய் தேய்ச்சு வெந்நீர் விட்டுக்கோ."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றான்.

இன்னும் ஆறேழு மாதம் அவன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெந்நீர் விட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஆபீஸிலேயே யாரோ சந்தேகப்பட்டுச் சொல்ல, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அவனை வீட்டுக்கு விடவில்லை. வடக்கே, ஆலப்புழை போகும் வழியில் இருந்த பெருநோய் ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டுபோய்விட்டார்கள். தெருவில் அவர்கள் வீட்டுக்கு எதிரில் யாரும் நடக்கவில்லை. அவன் தாயார் வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் தன் தமையன் வீட்டுக்குப் போனாள். மோட்டார் சைக்கிள் மழையில் கிடந்து, பிறகு காணாமல் போயிற்று.

நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமரத்தடி

சில வருஷங்கள் கழித்து, சோதனைக்குப் போன பெரிய டாக்டரோடு குமாஸ்தாவாக நானும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆயிற்று. பெயரை மாற்றி வேறொருவரை அனுப்பச் சொல்ல முயன்றேன், முடியவில்லை.

மாமரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனை நான் முதலில் அடையாளம் காணவில்லை. புருவம் இல்லை. முகம் தடித்திருந்தது. கைகளைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தான். குரல் மட்டும் சாமாவின் குரல்.

"கிட்டுவா? தலை நரைச்சுப்போச்சே."

பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தேன். அவன் தாயாரைப் பற்றிச் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன் போய்விட்டாளாம், கார்டு வந்ததாம். அங்கே படிக்கத் தெரியாத நோயாளிகளுக்குத் தான் பத்திரிகை படித்துக் காட்டுவதைச் சொன்னான். பக்கத்தைத் திருப்ப ஒருவன் கூட உட்கார வேண்டும் என்றான்.

நழுவிய துண்டை முழங்கையால் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"கல்யாணத்தை நிறுத்தினது இதுக்குத்தானே" என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. "இங்க வந்து மத்தவாளைப் பாத்தப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. குழாய்ல கால் பட்டதை நீதான் பாத்தே. அன்னிக்கே உனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"தெரியும்."

"கோமதிக்காகப் பண்ணினதை நான் குத்தம் சொல்லமாட்டேன். அவ தங்கச்சி உனக்கு. ஆனா எங்கிட்ட ஏண்டா சொல்லலை? இங்க இருக்கற டாக்டர் சொன்னார், ரெண்டு வருஷம் முந்தி வந்திருந்தா கை மிஞ்சியிருக்கும்னு."

அப்பா தடுத்தார் என்று தொடங்கினேன். அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

"பயந்துட்டேன்" என்றேன்.

"எனக்கு ஏதாவது ஆயிடுமேன்னா?"

பொய் சொல்ல அதைவிட வசதியான இடம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை.

"இல்லை. எனக்காக. உன்னைத் தொடப் பயந்தேன். அப்புறம், ஏன் சொல்லலைன்னு நீ கேப்பியேன்னு பயந்தேன்."

அவன் தலையாட்டினான். ஏதோ கணக்கு சரியாக வராமல் இருந்தது வந்துவிட்டதுபோல் இருந்தது அவன் முகம்.

"இத்தனை வருஷமா என்னென்னமோ நெனச்சிண்டிருந்தேன்" என்றான். "இவ்வளவுதானா."

சாப்பாட்டு மணி அடித்தது. எழுந்தான். நேரத்துக்குப் போகாவிட்டால் ஊட்டிவிடுகிறவன் வேறு ஆளுக்குப் போய்விடுவான் என்று சொல்லிவிட்டு, துண்டைச் சரியாகச் சுருட்டிக்கொண்டு நடந்தான். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. டாக்டரின் கார் கிளம்பும் வரை நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்கு வந்து அவனுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். உறையைப் பிரித்துப் பிடித்துக்கொள்ள யாராவது இருப்பார்கள் என்று தெரியும். பதில் வரவில்லை.

மூன்றாவது கடிதத்தை நான் எழுதவில்லை.